கையால் ஏற்றிய நட்டு

கத்தரிக்கோலைத் தேடிச் சமையலறை இழுப்பறையை இழுத்தபோது அவள் கையில் பத்தொன்பதாம் நம்பர் ஸ்பேனர் தட்டுப்பட்டது. கரண்டிகளுக்கு நடுவில், தானும் ஒரு கரண்டிதான் என்பதுபோலச் சமர்த்தாகப் படுத்திருந்தது. கழுத்தில் கட்டிய சிவப்புக் கயிறு அவிழாமல் அப்படியே இருந்தது.

கத்தரிக்கோலைக் கேட்டது நாத்தனார். கூடத்துக் கட்டிலில் உயிரில்லாமல் கிடக்கும் தன் தம்பியின், இவள் புருஷனின், கட்டைவிரலில் ஒரு பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. போகிறவன் பிளாஸ்திரியோடு போக வேண்டாம், குளிர்பெட்டி வருவதற்குள் வெட்டி எடுத்துவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியிருந்தது. "கெடைச்சுதாம்மா?" என்று கூடத்திலிருந்து குரல் வந்தது. இவள் ஸ்பேனரைத் தூக்கிப் பார்த்தாள். இதை யார் கொண்டுவந்து இங்கே போட்டது என்று கோபப்படக்கூடப் போனாள். போட்டது தானேதான் என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

அவள் ஒரு அச்சகத்தில் ஸ்டோர் பார்க்கிறவள். இருபத்திரண்டு வருடமாக மை டப்பாவும் காகிதக் கட்டும் ரப்பர் உருளையும் அவள் பொறுப்பு. கண்ணைக் கட்டிவிட்டாலும் எது எங்கே என்று எடுத்துக் கொடுப்பாள். கை சும்மா இருக்காது. எந்தப் பொருள் தரையில் கிடந்தாலும் அது உள்ளே போயாக வேண்டும். புருஷன் அவளை வீட்டிலும் 'ஸ்டோரு' என்றுதான் கூப்பிடுவார். "ஸ்டோரு, பதினேழு குடு. ஸ்டோரு, அந்தச் சுத்தி எங்க போச்சு?" அவர் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடப்பார். இவள் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாக நீட்டுவாள். கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் பேசிக்கொண்டதில் பாதி இப்படி ஒரு டயருக்கு மேலும் கீழுமாகப் பேசியதுதான்.

இன்று காலை ஐந்தே முக்காலுக்கு, வாஷ்பேசின் முன்னால் நின்றபடி, "ஸ்டோரு, ஒரு மாதிரி இருக்கு" என்றார். குழாயை மூடினார். மூடிவிட்டுத்தான் கீழே உட்கார்ந்தார். ஊருக்குத் தண்ணீர் ஏற்றுகிற நிலையத்தில் பம்ப் ஓட்டுகிற மனுஷர், தண்ணீர் வீணாகப் போவதைப் பார்த்துக்கொண்டு சாகக்கூட அவருக்கு மனசு வரவில்லை. டாக்டர் வந்து இமையைத் தூக்கிப் பார்த்தார். மாரடைப்பு, ஆஸ்பத்திரி வாசலில் விழுந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார். அவளுக்கு அது ஆறுதலாகத்தான் இருந்தது. யார் மேலும் தப்பில்லை.

டாக்டர் போனதும் ஆள் சேரத் தொடங்கியது. "முன்னாடி நாற்காலி போடணும், எடத்த ஒழிச்சுக் குடுங்க" என்று யாரோ சொன்னார்கள். அவள் அழாமல் எழுந்து போய் இடத்தை ஒழித்தாள். அதுதான் அவளுக்குத் தெரிந்த வேலை. ஜாக்கி, இரும்புத் தாங்கிகள், கழற்றிப் போட்ட பழைய ஸ்பிரிங் பட்டைகள், எண்ணெய்த் துணி, அவர் படுக்கிற அட்டை எல்லாம் பின்பக்கம் போயின. வண்டிக் கதவைத் திறந்து, ஸ்டியரிங்கில் சிவப்புக் கயிற்றால் கட்டித் தொங்கவிட்டிருந்த ஸ்பேனரைக் கழற்றினாள். இருக்கையில் கிடந்த சாவியை எடுத்து வாசல் கொக்கியில் மாட்டினாள். உள்ளே யாரோ தண்ணீர் குடிக்க டம்ளர் கேட்டார்கள். ஸ்பேனரோடு சமையலறைக்கு வந்தாள், டம்ளரை எடுத்துக் கொடுத்தாள், கையிலிருந்ததை இழுப்பறையில் போட்டு மூடினாள்.

ஸ்டியரிங்கில் ஸ்பேனர் தொங்கினால் வேலை பாக்கி இருக்கிறது, வண்டியை எவரும் தொடக் கூடாது. இது அந்த வீட்டுச் சட்டம். மகளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வருவதற்கு முன்பே இது தெரியும். வேலை முடிந்தால் ஸ்பேனர் பெட்டிக்குள் போகும், சாவி கொக்கிக்கு வரும். சாவி கொக்கியில் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துப் போகலாம்.

மூன்று வாரமாக அவர் அந்த வண்டியை உயர்த்திக்கொண்டிருந்தார். மகள் மலைமேல் வனவியல் படிக்கிறாள். அவள் விடுதிக்குப் போகிற கடைசி ஐந்து கிலோமீட்டரைப் பாதை என்று சொன்னால் பாதைக்கே வெட்கம் வரும். போன மழையில் அங்கே கல் இடித்து வண்டியின் எண்ணெய்த் தொட்டி உடைந்து, அப்பனும் மகளும் சேற்றில் நடந்தார்கள். அன்றிலிருந்து மனுஷர் ஒரே பிடியாக நின்று வண்டியைத் தரையிலிருந்து உயர்த்துகிற லிஃப்ட் கிட் ஒன்றை வரவழைத்தார். பெட்டி நிறைய, வளைவு கூடிய புதுப் பட்டைகளும் நீளமான ஷாக் அப்சார்பர்களும் பட்டையை வண்டியோடு கோத்துப் பிடிக்கிற போல்ட்டுகளும் இருந்தன. "மெக்கானிக்கிட்ட விட்டா என்னவாம்?" என்று அவள் கேட்டாள். "என் புள்ள ஏறுற வண்டி. அடியில எவன் எப்படி முறுக்கினான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

நேற்றுச் சாயங்காலம் நான்கு சக்கரமும் தரையைத் தொட்டன. வண்டி நான்கு விரல் உயரம் கூடி, புதுச் செருப்புப் போட்ட பிள்ளைபோல நின்றது. பன்னிரண்டு போல்ட்டிலும் நட்டுகளைக் கையால் மட்டும் ஏற்றியிருந்தார். "இப்பவே இறுக்கிட்டா உள்ள இருக்கிற ரப்பர் முறுக்கிக்கும், ஸ்டோரு. ராத்திரி பூரா தன் கனத்துல உக்காரட்டும். காலையில பல்லு தேச்சதும் மொத வேலை அதுதான்" என்றார். பல் தேய்த்தார்.

அவள் ஸ்பேனரும் கையுமாக வாசலுக்கு ஓடினாள். வண்டி நின்ற இடத்தில் இரண்டு வரிசை நாற்காலி போட்டு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவளைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். திரும்பிக் கூடத்துக்கு வந்தாள்.

"அக்கா, நம்ம பாப்பாவ ஹாஸ்டல்லேர்ந்து கூட்டிட்டு வரத் தம்பி எதுல போனாரு?"

"சின்னவனா? அண்ணன் வண்டியிலதான். அந்த மலை ரோட்டுக்கு வேற எது ஏறும்? சாவி கொக்கியில இருந்துச்சு, எடுத்துக்கிட்டான்" என்றாள் நாத்தனார்.

கொழுந்தன் கணக்கு வாத்தியார். முப்பதுக்கு மேல் வேகம் போனால் அவனுக்கு வேர்த்துவிடும். அதனால் அண்ணன் அவனுக்கு வைத்த பெயரே 'முப்பது'. சைக்கிள்காரன் மணியடித்து வழி கேட்பான். அவன் எடுத்துப் போனதில் ஒரு துளி ஆறுதல் இருந்தது. நாத்தனார் அதையும் பிடுங்கினாள்.

"இன்னிக்கு நீ பாத்திருக்கணும். தெருமுனையில திரும்புறப்போ டயரு கிறீச்சுனுது. அண்ணன் போன துக்கத்துல பறந்துட்டான்."

"அக்கா, அந்த வண்டியில நட்டு எதுவும் இறுக்கல. பன்னெண்டும் கையால ஏத்துனதோட நிக்குது."

"என்னம்மா சொல்ற?"

"பட்டை கழண்டுக்கும். வண்டி ஒரு பக்கமா இழுத்துக்கிட்டுப் போயிடும். தம்பிக்குப் போன் போடுங்க."

"அவன் போன் இந்தா, என் கையிலதான் இருக்கு. சொந்தக்காரங்க நம்பரெல்லாம் இதுலதானே. நீங்களே சொல்லிடுங்கக்கான்னு குடுத்துட்டுப் போயிட்டான்."

"அப்ப பாப்பாவுக்குப் போடறேன்."

நாத்தனார் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "வேணாம். அப்பாவுக்கு ஒடம்பு முடியலைன்னு மட்டும்தான் சொல்லியிருக்கு. உன் கொரலக் கேட்டாலே புரிஞ்சிக்கும். விஷயம் தெரிஞ்சுக்கிட்டு ரெண்டரை மணி நேரம் எப்படி வரும் அந்தப் புள்ள?"

"வந்து சேரணும்ல அக்கா."

கூடத்தில் உட்கார்ந்திருந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "அதிர்ச்சியில என்னென்னமோ பேசுது. அழுதிருச்சுன்னா சரியாயிடும்" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி அவள் முதுகைத் தடவி, "அழும்மா, அழு. புருஷன் போன அன்னிக்கு வண்டியப் பத்தியா பேசுறது" என்றாள். அவளுக்கும் தன்னை நினைத்துக் கேவலமாகத்தான் இருந்தது. இருபத்தைந்து வருடம் கூட வாழ்ந்த மனுஷர் மூன்றடி தூரத்தில் கிடக்கிறார். அவளுக்கு வருவது துக்கமில்லை, பயம். முழுக்க முழுக்கப் பயம். அவர் போனதற்கு யாரும் காரணமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகளுக்கு ஒன்று ஆகிவிட்டால் அப்படிச் சொல்ல எந்த டாக்டரும் வரமாட்டார்.

கையை உதறிக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ்போட்டாள். முதலில் விடுதிக்குப் போன் செய்தாள். "இப்பதாங்க கெளம்புனாங்க, பத்து நிமிஷம்கூட ஆகல" என்றாள் அங்கிருந்த பெண். அப்படியானால் ஏறும்போது ஒன்றும் ஆகவில்லை. மகளுக்குப் போட்டாள். தொடர்பு எல்லைக்கு அப்பால் இருக்கிறார் என்றது. மலை ரோட்டில் எப்போதும் அப்படித்தான். மறுபடி போட்டாள். அதே பெண் அதே குரலில் அதையே சொன்னாள்.

வெளியே வந்தபோது குளிர்பெட்டி வந்திருந்தது. அதைத் தூக்கி வந்தவர்களில் பம்ப் நிலையத்து ஃபிட்டரும் ஒருவர். பதினாறு வருடம் அவரோடு ஒரே ஷிப்டில் இருந்தவர். அதிகம் பேசாத ஆள். அவரைத் தனியாகக் கூப்பிட்டு ஸ்பேனரைக் காட்டிச் சொன்னாள். அவராவது சிரித்து, அதெல்லாம் ஒன்றும் ஆகாது அண்ணி என்று சொல்லிவிட மாட்டாரா என்றிருந்தது.

"தானா கழலாத லாக் நட்டு போட்டாரா?"

"இல்ல. அது தனியா வாங்கணும்னு சொல்லிட்டிருந்தாரு."

"வெறும் கையாலயா?"

"கையாலதான். ஒண்ணொண்ணா நான்தானே எடுத்துக் குடுத்தேன்."

ஃபிட்டர் சிரிக்கவில்லை. ஸ்பேனரை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "ஏறியாச்சு இல்ல?" என்றார். பிறகு, "ஏறுறது வேற அண்ணி. எறங்குறப்போ..." என்று தொடங்கி, வாயை மூடிக்கொண்டார். காலையிலிருந்து அவள் கேட்ட அத்தனை ஒப்பாரியையும்விட அந்த மௌனம்தான் அவளை உலுக்கியது. அவர் வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டி, பைக்கின் பெட்டியைத் திறந்து தன்னுடைய பத்தொன்பது இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

"எதிர்ல போய் நிறுத்திடறேன். ஒரே ரோடுதானே" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

எத்தனையாவது தடவையோ தெரியாது, பன்னிரண்டே காலுக்கு மகளின் போன் மணியடித்தது. அவள் குளியலறைக் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள்.

"அம்மா, அப்பா எப்படிம்மா இருக்காரு?"

"வண்டிய நிறுத்தச் சொல்லு."

"என்னம்மா?"

"சித்தப்பாகிட்ட சொல்லு. இப்பவே, மெதுவா, ஓரமா நிறுத்தச் சொல்லு. அடியில நட்டெல்லாம் இறுக்கல."

போனுக்குள் ஏதோ சத்தம், கொழுந்தனின் குரல், கல் நொறுங்குகிற ஓசை. பிறகு எஞ்சின் அடங்கியது. அவள் மூச்சு விட்டாள்.

"நிறுத்தியாச்சும்மா. டொக்கு டொக்குன்னு சத்தம் கேக்குது, புது ஸ்பிரிங் அப்படித்தான் இருக்கும்னு சித்தப்பா சொல்லிட்டு வந்தாரு. ஆனா சாவி கொக்கியிலதான் இருந்துச்சாமே? ஸ்பேனர் தொங்கலையாமே?"

"நான்தான் கழட்டுனேன்."

"நீயா?"

"ஆமா."

அம்மாவை எத்தனையோ விதமாகத் தெரிந்த பெண் அவள். எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்கிற அம்மா, அப்பாவின் சட்டத்தை மீறுவாள் என்பது அவளுக்குப் புரியவில்லை. "சரி, விடு. அப்பாகிட்ட குடு. எந்தெந்த நட்டுன்னு கேட்டுக்கறேன்" என்றாள்.

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் அதை இறுக்கி மூடினாள்.

"நான் சொல்றேன். எனக்குத் தெரியும். ஒரு பட்டைக்கு மூணு. முன்னால கோத்திருக்கிறது ஒண்ணு, பின்னால ரெண்டு. நாலு சக்கரத்துக்கும் அதேதான். கையால இறுக்க முடிஞ்ச மட்டும் இறுக்கு. டூல்ஸ் எதுவும் வண்டியில இல்ல, எல்லாத்தையும் நான் எடுத்து வச்சுட்டேன்..."

"அம்மா, அப்பாகிட்ட குடேன்."

அவள் வாயைத் திறந்தாள். தூங்குறாரு என்று சொல்லியிருக்கலாம். பேசக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு என்று சொல்லியிருக்கலாம். இரண்டும் நாக்குவரை வந்தன. பொய் சொன்னால் மகள் அவசரப்படுவாள். அப்பாவைப் பார்க்க வேண்டுமென்று சித்தப்பாவை விரட்டுவாள். உண்மையைச் சொன்னால் அவசரத்துக்கு இனி வேலையில்லை. இந்தக் கணக்கைப் போட்டது தன் புத்திதானா என்று அவளுக்கே நடுக்கமாக இருந்தது. ஒன்றும் சொல்லாமல் நின்றாள்.

"எத்தன மணிக்கு?" என்றாள் மகள்.

"அஞ்சே முக்கால்."

அதற்குப் பிறகு காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் அறுந்தது. திரும்பப் போட்டபோது அந்தப் பெண் வந்து தொடர்பு எல்லைக்கு அப்பால் என்றாள்.

நாத்தனாரிடம் அவள் இதைச் சொல்லவில்லை. குளிர்பெட்டிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். மடியில் சேலை மறைவில் ஸ்பேனர். கண்ணாடிக்குள் அவர் முகம் கொஞ்சம் எரிச்சலோடு இருப்பதுபோலப் பட்டது, தேடிய சாமான் கிடைக்காதபோது இருக்குமே, அப்படி. பிளாஸ்திரியை எடுத்துவிட்டிருந்தார்கள். நகங்களுக்கு அடியில் கிரீஸ் கருப்பாக இருந்தது. "எவ்ளோ தேச்சும் போகல, எலுமிச்சம்பழம் வச்சுப் பாக்கலாமா?" என்றாள் நாத்தனார். "வேணாங்க்கா, இருக்கட்டும்" என்றாள் இவள். நேற்று அந்த விரலில் பிளாஸ்திரி ஒட்டிவிட்டபோது, "காயத்துக்கு ஒட்டுறியா, பார்சல் கட்டுறியா?" என்று கேலி செய்தது அந்த வாய்தான்.

இரண்டரை மணிக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. வாசலில் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் எழுந்தாள். "நாலு மணிக்கு எடுக்கலாம்னு பெரியவங்க சொல்றாங்க" என்று ஒருவர் வந்து கேட்டார். "மக வரட்டும்" என்றாள். "வந்துரும்மா, வந்துரும்" என்றார் அவர். எத்தனை மணிக்கு வரும், எப்படி வரும், எதில் வரும் என்று அவருக்கு யார் சொன்னது? அவரைக் கடித்துக் குதற வேண்டும்போல இருந்தது. தலையை மட்டும் ஆட்டினாள்.

மூன்றே முக்காலுக்கு ஃபிட்டர் போன் செய்தார். அவர் குரல் மெலிந்திருந்தது.

"அண்ணி, ஹாஸ்டல் வரைக்கும் வந்துட்டேன். வழியில எங்கயும் வண்டியக் காணோம்."

"பாப்பா நிறுத்திட்டேன்னு சொன்னாளே. ஓரமா நிக்கும், பாருங்க."

"இல்ல அண்ணி. வளைவு வளைவா எறங்கிப் பாத்துட்டுதான் வந்தேன்." சற்று நிறுத்தினார். சொல்லலாமா வேண்டாமா என்று அவர் தடுமாறுவது இங்கே கேட்டது. "ஒரு நட்டு கெடந்துச்சு. பதினோராவது வளைவுல. புதுசு. பத்தொம்பதுதான்."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "கீழ?"

"கீழ எட்டிப் பாத்தேன். மரமா இருக்கு, ஒண்ணும் தெரியல. மறுபடி பாத்துக்கிட்டே எறங்குறேன்."

போனை வைத்த பிறகு அவளுக்குக் கூடத்தில் இருந்த ஆட்களின் முகம் ஒன்றும் தெரியவில்லை. வாய்கள் அசைந்தன. அந்த நட்டை நேற்று தன் உள்ளங்கையில் வைத்து நீட்டியது ஞாபகம் வந்தது. எது அது, எந்தச் சக்கரத்துடையது? பன்னிரண்டையும் வரிசையாக நினைத்துப் பார்த்தாள். எல்லாம் ஒரே மாதிரிதான் இருந்தன. கடவுளே, முன்சக்கரத்துடையதாக இருக்க வேண்டாம் என்று வேண்டினாள். பிறகு பின்சக்கரத்துடையதாகவும் இருக்க வேண்டாம் என்று வேண்டினாள். அவரிடமே கேட்டாள். நீங்க போனதுதான் போனீங்க, அவளை எங்கிட்ட விட்டுட்டுப் போங்க. சத்தமாகக் கேட்டுவிட்டாள் போலிருக்கிறது. பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டு, அப்பாடா, அழுகை வந்துவிட்டது என்று நிம்மதியாக அழத் தொடங்கினார்கள்.

நான்கு மணி போயிற்று, ஐந்தும் போயிற்று. எடுக்க வந்தவர்கள் வாசலில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்ப்பதும் அவளைப் பார்ப்பதுமாக இருந்தார்கள். நாத்தனாருக்கும் இப்போது முகம் வெளிறிவிட்டது. தம்பியின் போனைக் கையில் உருட்டிக்கொண்டே, "ஏம்மா, நீ காலையில சொன்னது... அந்த நட்டு..." என்று அருகில் வந்தாள். நாத்தனார் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஐந்தே முக்கால் ஆனபோது தெருமுனையில் வண்டி தெரிந்தது. மலைப் பக்கத்திலிருந்து வரவில்லை, அதற்கு நேர் எதிரிலிருந்து வந்தது. ஆற்றை ஒட்டிய பழைய சமவெளி ரோடு, இரண்டு மடங்கு தூரம். பஸ்கூட அதை விட்டு வருடக்கணக்காகிறது. வண்டி நடக்கிற ஆளின் வேகத்தில் வந்தது. ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்திருந்தது. கொழுந்தன் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்தபடி, கண்ணைச் சிமிட்டாமல் ஓட்டி வந்தான்.

நாற்காலியில் இருந்தவர்கள் எழுந்து வழிவிட்டார்கள். மகள் இறங்கினாள். முதுகெல்லாம் மண், முழங்கையில் சிராய்ப்பு, இரண்டு கையும் மணிக்கட்டுவரை கருப்பு. அவள் அழுதிருந்தாளா என்று முகத்து அழுக்கில் தெரியவில்லை. சட்டைக்கு மேல் போட்டிருந்த மஞ்சள் துப்பட்டாவில் பாதியைக் காணோம்.

"பத்து கிலோமீட்டருக்கு ஒரு தடவ எறங்கி, அடியில படுத்து, கையால இறுக்கிட்டு வந்தா அண்ணி" என்றான் கொழுந்தன். "மலை ரோடு வேணாம், முதல் பிரிவுலயே சுத்திப் போலாம்னு அவதான் சொன்னா. மத்தபடி ஒரு வார்த்த பேசல, போனையும் அணைச்சு வச்சுட்டா. எனக்குத் தெரியாது அண்ணி. சாவி கொக்கியில இருந்துச்சு."

"உங்க மேல தப்பில்ல தம்பி" என்றாள் அவள்.

எல்லாரும் அம்மாவும் மகளும் கட்டிப்பிடித்து அழுவதற்காகக் காத்திருந்தார்கள். மகள் அம்மாவைப் பார்த்தாள். பிறகு அவளைத் தாண்டிக் கூடத்துக்குள் போனாள். நாத்தனார், "கையக் கழுவிட்டு..." என்று ஆரம்பித்தாள், முடிக்கவில்லை.

ஸ்டோர்க்காரி பின்பக்கம் போனாள். அவர் படுக்கிற அட்டையை எடுத்து வந்து வண்டிக்கு அடியில் தள்ளி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு படுத்து உள்ளே நகர்ந்தாள். வாசலில் இருந்த ஆண்கள் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். "என்னம்மா இது, எழுந்திரு, நேரமாகுது" என்று யாரோ சொன்னார்கள். "பத்து நிமிஷம்" என்று அடியிலிருந்து அவள் குரல் வந்தது.

இதுவரை அவள் அந்தப் பக்கம் வந்ததில்லை. நீட்டியதோடு சரி. மண்ணும் எண்ணெயும் சூட்டு வாசனையுமாக இருந்தது. முன் இடது பட்டையைத் தடவிப் பார்த்தாள். நட்டு இரண்டு விரலில் சுழன்றது. பின் வலது பக்கம், ஒரு போல்ட்டில் நட்டே இல்லை. அதன் நுனியில் மஞ்சள் துணிக் கிழிசலைச் சுற்றிச் சுற்றி, முடிச்சுக்கு மேல் முடிச்சாகப் போட்டுக் கட்டியிருந்தது. பல்லால் இழுத்து இறுக்கிய முடிச்சு.

மடியிலிருந்து ஸ்பேனரை எடுத்து முன் இடது நட்டில் மாட்டினாள். போல்ட்டும் சேர்ந்து சுற்றியது. பின்பக்கம் இன்னொரு ஸ்பேனர் போட்டுப் பிடிக்க வேண்டும், அது அவளுக்குத் தெரியும். எங்கே இருக்கிறது என்றும் தெரியும், காலையில் எடுத்து வைத்தவளே அவள்தான். எழுந்து போக உடம்பு வரவில்லை.

டயருக்குப் பக்கத்தில் இரண்டு பாதங்கள் வந்து நின்றன. பின்பக்கம் போயின. திரும்பி வந்தன. ஒரு கருத்த கை இன்னொரு ஸ்பேனரை உள்ளே நீட்டியது.

"நீ அந்தப் பக்கம் புடி" என்றாள் அம்மா.

மகள் மண்ணில் படுத்து உள்ளே வந்தாள். போல்ட்டின் தலையைப் பிடித்துக்கொண்டாள். அம்மா முறுக்கினாள். நட்டு இறுகும்போது கிறீச்சென்றது. "ஒண்ணு" என்றாள் மகள். அப்பா அப்படித்தான் எண்ணுவார். வெளியே பேச்சு அடங்கிவிட்டது. இரண்டு, மூன்று என்று மெல்ல எண்ணிக்கொண்டு ஒரு சக்கரத்திலிருந்து அடுத்ததற்கு நகர்ந்தார்கள். பதினொன்று ஆனபோது, மஞ்சள் துணியின் முடிச்சை அவிழ்க்க அம்மாவின் விரலுக்கு முடியவில்லை. மகள் அவிழ்த்தாள்.

தெருவில் ஒரு பைக் வந்து நின்றது. யாரோ ஏதோ சொன்னார்கள். ஃபிட்டர் குனிந்து பார்த்தார். ஒன்றும் கேட்காமல் சட்டைப் பையில் கையை விட்டு, நட்டை எடுத்து உள்ளே நீட்டினார்.

பன்னிரண்டாவதை இறுக்கி முடித்த பிறகும் இருவரும் வெளியே வரவில்லை.